இயன் டொனால்ட்

இயன் டொனால்ட் (டிசம்பர் 27, 1910 – ஜூன் 19, 1987) ஒரு பிரித்தானிய மகப்பேறியல், பெண்ணோயியல் மருத்துவர் ஆவார். தொழிற்சாலைகளில் உலோகத்தின் உள்விரிசல்களைக் கண்டறியப் பயன்பட்ட மீயொலிக் கருவியைக் கொண்டு பெண்களின் கருப்பை, சூலகம் ஆகிய உறுப்புகளையும் வயிற்றில் வளரும் கருவையும் படமாகக் காணும் முறையை உருவாக்கியவர்களுள் இவர் முதன்மையானவர். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் 1954 முதல் 1976 வரை மகப்பேறியல் துறையின் அரச பேராசிரியராகப் பணியாற்றினார். இவரும் ஜான் மக்விக்கார், டாம் பிரவுன் ஆகியோரும் இணைந்து 1958 இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை மருத்துவப் படிமவியலின் அடிப்படைக் கட்டுரைகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. குழந்தைப்பேறு இல்லாத பெண்ணுக்கு இன்று முதலில் செய்யப்படும் சோதனைகளுள் ஒன்றான மீயொலி நோட்டம் (பேச்சு வழக்கில் ஸ்கேன்) இவரது பணியின் நேரடித் தொடர்ச்சி ஆகும்.

இளமைக் காலம்

டொனால்ட் இங்கிலாந்தின் கார்ன்வால் மாவட்டத்தில் உள்ள லிஸ்கார்ட் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ஜான் டொனால்ட் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரைச் சேர்ந்த மருத்துவர். தாய் எலன் ஒரு பியானோ கலைஞர். நான்கு குழந்தைகளுள் இயன் மூத்தவர். இவருடைய தங்கைகளுள் ஒருவரான அலிசன் மன்றோ பின்னாளில் பிரித்தானிய அரசுப் பணியிலும், பிறகு இலண்டனின் புகழ்பெற்ற பெண்கள் பள்ளி ஒன்றின் தலைமை ஆசிரியராகவும் பெயர் பெற்றார்.

பள்ளிக் கல்வியை ஸ்காட்லாந்தில் தொடங்கினார். எடின்பரோவின் ஃபெட்டஸ் கல்லூரியில் பயின்றுகொண்டிருந்தபோது, தந்தையின் உடல்நலம் கருதிக் குடும்பம் தென்னாப்பிரிக்காவுக்குக் குடிபெயர்ந்தது. கேப் டவுன் அருகிலுள்ள ராண்டபாஷில் படிப்பைத் தொடர்ந்தார். 1927 இல் குடும்பத்தைத் தொண்டை அடைப்பான் நோய் தாக்கியது. தாய் இறந்தார். மூன்று மாதங்களில் தந்தையும் இறந்தார். பதினாறு வயதான இயனும் அவருக்கு இளையவர்கள் மூவரும் வீட்டுப் பணியாளராக இருந்த ஒரு பெண்மணியின் பராமரிப்பில் வளர்ந்தனர். இவரது வாழ்வில் பிற்காலத்தில் காணப்பட்ட சமயப் பற்றுக்கும் குடும்பம் குறித்த உறுதியான கருத்துக்களுக்கும் இந்த இழப்பே வித்திட்டது என்று கருத இடமுண்டு.

கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் இவர் முதலில் பயின்றது மருத்துவம் அன்று. மொழிகளும் இசையும் ஆகும். அப்பட்டத்திற்குப் பின்னரே இங்கிலாந்து திரும்பி இலண்டனில் உள்ள புனித தோமையார் மருத்துவமனையின் மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். 1937 இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் ஆரஞ்சு சுதந்திர மாநிலத்தைச் சேர்ந்த அலிக்ஸ் ரிச்சர்ட்ஸ் என்பவரை மணந்தார். இவர்களுக்கு நான்கு பெண் குழந்தைகள்.

போர்க்காலம்

இரண்டாம் உலகப் போரின்போது 1942 இல் பிரித்தானிய அரச வான்படையில் மருத்துவ அதிகாரியாகச் சேர்ந்தார். தீப்பற்றி எரிந்துகொண்டிருந்த, குண்டுகள் இன்னும் இறக்கப்படாத ஒரு வானூர்திக்குள் நுழைந்து அதில் சிக்கியிருந்த வீரர்களை மீட்டார். இச்செயலுக்காக 1946 இல் எம்.பி.இ. விருது அளிக்கப்பட்டது.

வான்படையில் ரேடார் கருவிகளுடன் இவருக்கு ஏற்பட்ட பழக்கம் இவரது பிற்காலப் பணிக்கு விருதைவிட முக்கியமானது. ஓர் அலையை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு பொருளின் தொலைவை அறிவது ரேடாரின் அடிப்படை. கடலுக்கடியில் நீர்மூழ்கிகளைத் தேட ஒலியலையைக் கொண்டு இதையே செய்வது சோனார். இயல்பாகவே இயந்திரங்களில் ஆர்வம் கொண்டிருந்த டொனால்டின் மனதில் இக்கருத்து நன்கு பதிந்தது.

போருக்குப் பின் புனித தோமையார் மருத்துவமனைக்குத் திரும்பி மகப்பேறியலில் உயர் தகுதிகள் பெற்றார். 1950களின் தொடக்கத்தில் இலண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் பணியாற்றியபோது, மூச்சுத்திணறலுடன் பிறக்கும் குழந்தைகளுக்கான செயற்கைச் சுவாசக் கருவிகளைத் தாமே வடிவமைத்தார். கருவிகளோடு ஓயாமல் போராடிய இவரை உடன் பணிபுரிந்தோர் பித்துப்பிடித்த டொனால்ட் எனக் கேலியாக அழைத்ததுண்டு. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் மீயொலி கொண்டு மார்பகக் கட்டிகளை ஆராய்ந்துவந்த ஆங்கில அறுவை மருத்துவர் ஜான் வைல்டின் பணியை இவர் அறிந்துகொண்டதும் இக்காலத்தில்தான்.

அதற்கு முன்பிருந்த நிலை

டொனால்டின் பணி எத்தகைய வெற்றிடத்தை நிரப்பியது என்பதை அறிய, அதற்கு முன் ஒரு பெண்ணின் இடுப்புக்கூட்டுக்குள் இருப்பதை மருத்துவர்கள் எவ்வாறு அறிந்தனர் என்பதைக் காண வேண்டும். பெரும்பாலும் கையால் தொட்டுப் பார்த்தே அறிந்தனர். வயிற்றின் மேல் ஒரு கை, உள்ளே இரு விரல்கள். இடையில் அகப்படும் கட்டி கருப்பையின் நார்த்திசுக்கட்டியா, சூலகத்தின் நீர்க்கட்டியா, அல்லது கருவுற்ற கருப்பையேதானா என்பது மருத்துவரின் அனுபவத்தைப் பொறுத்தது. ஐயம் தீராவிடின் வயிற்றைத் திறந்து பார்ப்பதே வழி.

குழந்தைப்பேறு இல்லாத பெண்களைப் பொறுத்தவரை இரண்டு சோதனைகள் இருந்தன. ஒன்று, கருப்பைக்குள் ஊடுகதிர் புகாத திரவத்தைச் செலுத்தி ஊடுகதிர்ப் படம் எடுப்பது. இதனை 1914 இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஐசிடோர் ரூபினும், தனியாக வில்லியம் கேரியும் செய்து காட்டினர். அவர்கள் பயன்படுத்திய கொலார்கால் என்னும் வெள்ளிக் கலவை வயிற்று உள்ளுறையை உறுத்தியது. 1920களில் அயோடின் கலந்த கசகசா எண்ணெயான லிபியோடால் வந்தபிறகே இம்முறை பரவியது. கருப்பைக் குழியின் வடிவத்தையும், சூலகத்திலிருந்து முட்டை வரும் குழாய்கள் திறந்துள்ளனவா என்பதையும் இப்படம் காட்டும். மற்றொன்று, ரூபின் 1919 இல் தொடங்கி 1920 இல் வெளியிட்ட வளிச் சோதனை. கருப்பை வாய் வழியாக வளியை மெல்லச் செலுத்தினால், குழாய் திறந்திருக்கும்போது அழுத்தம் குறையும். வயிற்றுக்குள் சென்ற வளி உதரவிதானத்தைத் தொடுவதால் பெண்ணுக்குத் தோளில் வலி தோன்றும். தோள்வலி வந்தால் நற்செய்தி என்பது இச்சோதனையின் விந்தை.

ஆனால் இவ்விரண்டும் சூலகத்தைக் காட்டவில்லை. முட்டை உருவாகிறதா, எப்போது வெளியாகிறது என்பதை உடல் வெப்பநிலையின் சிறு ஏற்றத்தைக் கொண்டோ, கருப்பை உள்வரியைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தோ ஊகிக்க வேண்டியிருந்தது. மேலும் ஊடுகதிர்கள் சூலகத்தின் மீதும், அறியாமல் கருவுற்றிருந்தால் கருவின் மீதும் விழுந்தன. கருவுற்ற காலத்தில் ஊடுகதிர்ப் படம் எடுக்கப்பட்ட தாய்மாரின் பிள்ளைகளுக்கு இரத்தப் புற்றுநோய் கூடுதலாக வருகிறது என்று ஆங்கில மருத்துவர் ஆலிஸ் ஸ்டுவர்ட் 1956 இல் அறிவித்தார். பலர் அதனை முதலில் ஏற்கவில்லை. எனினும் ஊடுகதிர் இல்லாமல் உள்ளே காணும் வழி ஒன்று தேவை என்பது அதன்பின் எவருக்கும் ஐயமின்றி விளங்கியது.

மீயொலியை மருத்துவத்தில் பயன்படுத்த முயன்றவர் டொனால்ட் மட்டுமல்லர். ஆஸ்திரியாவின் கார்ல் துசிக் 1940களில் மூளையை ஆராய முயன்றார். அமெரிக்காவின் டென்வர் நகரில் டக்ளஸ் ஹௌரி நோயாளியை நீர்த்தொட்டியில் அமரவைத்துப் படமெடுத்தார். சுவீடனின் லுண்டில் இங்கே எட்லரும் ஹெல்முத் ஹெர்ட்சும் 1953 இல் கப்பல் கட்டும் தளத்திலிருந்து கடன்பெற்ற கருவியால் இதயத்தின் அசைவைப் பதிவுசெய்தனர். பெண்ணோயியலில் இதனை அன்றாட மருத்துவக் கருவியாக்கியது கிளாஸ்கோ குழு என்பதே டொனால்டின் தனியிடத்திற்குக் காரணம்.

கொதிகலன் தொழிற்சாலையில் ஒரு நாள்

1954 இல் டொனால்ட் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் மகப்பேறியல் அரச பேராசிரியராக நியமிக்கப்பட்டார். கப்பல் கட்டுதலும் கனரகப் பொறியியலும் செழித்திருந்த நகரம் அது. பற்றவைத்த உலோகத் தகடுகளில் வெளியே தெரியாத விரிசலைக் காண, அங்குள்ள தொழிற்சாலைகள் மீயொலிக் குறைகாண் கருவிகளைப் பயன்படுத்தின. மனிதக் காதுக்குக் கேட்கும் எல்லையான நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலியை உலோகத்திற்குள் அனுப்பினால், விரிசலில் பட்டு எதிரொலி திரும்பும். அது திரையில் ஒரு கூர்முனையாகத் தெரியும்.

இவரிடம் சிகிச்சை பெற்ற ஒரு பெண்ணின் கணவர், ரென்ஃப்ரூவில் இருந்த பேப்காக் அண்ட் வில்காக்ஸ் என்னும் கொதிகலன் தயாரிப்பு நிறுவனத்தின் இயக்குநர்களுள் ஒருவர். அவர் மூலம் தொழிற்சாலைக்குச் செல்ல டொனால்டுக்கு அழைப்புக் கிடைத்தது. 1955 ஜூலை 21 அன்று, அண்மையில் அறுவையில் அகற்றப்பட்ட நார்த்திசுக்கட்டிகளையும் சூலக நீர்க்கட்டிகளையும் கார்களில் ஏற்றிக்கொண்டு இவர் அங்கு சென்றார். ஒப்பிட்டுப் பார்க்கத் தொழிற்சாலையினர் தம் பங்காக ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டை வைத்திருந்தனர்.

முடிவு டொனால்டின் எதிர்பார்ப்பை மிஞ்சியது. நீர்க்கட்டியின் உள்ளே திரவம் மட்டுமே இருப்பதால் எதிரொலி ஏதும் எழவில்லை. அதன் மறுபுறச் சுவரில் பட்ட ஒலி மட்டும் தெளிவான ஒற்றை முனையாகத் திரும்பியது. நார்த்திசுக்கட்டியோ திண்மையானது. அதன் உள்ளிருந்து சிறுசிறு எதிரொலிகள் எழுந்து, ஆழம் கூடக்கூட மங்கி மறைந்தன. வெவ்வேறு சிகிச்சை தேவைப்படும் இருவகைக் கட்டிகளை வெட்டாமலேயே வேறுபடுத்த முடியும் என்பது ஒரே பிற்பகலில் தெளிவாயிற்று.

டாம் பிரவுனின் வருகை

தொழிற்சாலையில் மேசைமேல் கிடந்த கட்டியை ஆராய்வது ஒன்று. உயிருள்ள பெண்ணின் வயிற்றுக்குள் இருப்பதை ஆராய்வது வேறு. புற்றுநோய் இயற்பியலாளரான மேனியார்டிடமிருந்து இரவலாகக் கிடைத்த கெல்வின் ஹியூஸ் நிறுவனத்தின் பழைய குறைகாண் கருவி ஒன்றைக் கொண்டு டொனால்ட் பணியைத் தொடங்கினார். அக்கருவி தன் ஒலித்துடிப்பை அனுப்பிய உடனே சிறிது நேரம் செயலற்றுப் போகும். எனவே தோலை ஒட்டிய சில சென்டிமீட்டர் ஆழத்தில் இருப்பது எதுவும் தெரியாது. இக்குறையை ஈடுசெய்ய வயிற்றின்மேல் நீர் நிரப்பிய கலன்களை வைத்து அதன் வழியே ஒலியைச் செலுத்தினர். நீர் சிந்துவதும் படுக்கை நனைவதும் அன்றாட நிகழ்ச்சிகள். 1956 இல் இவருடன் இணைந்த இளம் மருத்துவர் ஜான் மக்விக்கார் இவ்வின்னல்களைப் பொறுமையுடன் பகிர்ந்துகொண்டார்.

இத்தருணத்தில், கெல்வின் ஹியூஸ் நிறுவனத்தில் பணிபுரிந்த டாம் பிரவுன் என்னும் இளம் பொறியாளர், ஒரு பேராசிரியர் உலோகச் சோதனைக் கருவியை மனிதர்கள்மீது பயன்படுத்துகிறார் என்ற செய்தியைத் தற்செயலாகக் கேள்விப்பட்டார். அப்போது அவருக்கு வயது இருபதுகளின் தொடக்கம். தொலைபேசிக் கையேட்டில் டொனால்டின் எண்ணைத் தேடி அழைத்தார். நேரில் வந்து பார்த்தவர், அக்கருவியால் பயனில்லை என்று கூறித் தம் நிறுவனத்திடமிருந்து புதிய கருவி ஒன்றைப் பெற்றுத் தந்தார். நிறுவனத்தின் துணைத் தலைவர் வில்லியம் ஸ்லேட்டர் தொடக்கச் செலவுக்கு 500 பவுண்டு ஒதுக்கினார்.

அதுவரை கிடைத்தவை திரையில் எழுந்த கூர்முனைகளே. அவை படங்கள் அல்ல. கருவியின் தலைப்பகுதி எவ்விடத்தில், எக்கோணத்தில் இருக்கிறது என்பதைக் கணித்து, ஒவ்வொரு எதிரொலியையும் திரையில் அதற்குரிய இடத்தில் ஒளிப்புள்ளியாக இட்டால் உடலின் குறுக்குவெட்டுத் தோற்றமே கிடைக்கும் என்பது பிரவுனின் எண்ணம். மருத்துவமனைப் படுக்கை மேசை ஒன்றை அடிப்படையாகக் கொண்டு அத்தகைய கருவியை 1957 இல் அவர் உருவாக்கினார். நோயாளி நீர்த்தொட்டியில் இறங்க வேண்டியதில்லை. வயிற்றில் ஆலிவ் எண்ணெய் தடவி, கருவியின் தலைப்பகுதியைத் தோலின்மேல் நேரடியாக நகர்த்தினால் போதும். இன்று ஸ்கேன் எடுக்கும் மருத்துவர் வயிற்றில் பசையைத் தடவுவது, ஒலி செல்ல முடியாத காற்றிடைவெளியை அகற்றும் அதே நோக்கத்திற்காகவே.

இக்கருவியின் காப்புரிமையில் புத்தமைப்பாளராகக் குறிக்கப்பட்டவர் பிரவுனே ஆவார். ஆயினும் பொதுமக்களிடையே பேராசிரியரின் பெயரே நிலைத்தது. மருத்துவரின் கேள்வியும் பொறியாளரின் விடையும் ஒன்றில்லாமல் மற்றொன்று நிறைவடைந்திருக்காது. ஆகவே மீயொலிப் படிமவியலின் தந்தை என டொனால்டை மட்டும் குறிப்பிடுவது பிரவுனுக்கு நியாயம் செய்வதாகாது.

ஒரு பெண்ணும் ஒரு கட்டுரையும்

கிளாஸ்கோவின் பிற மருத்துவர்கள் முதலில் இப்பணியைப் புன்னகையுடனேயே நோக்கினர். அவர்களது கருத்தை மாற்றியது ஒரு நோயாளியின் நிலை. வயிறு பெரிதும் வீங்கி, உடல் மெலிந்து, வாந்தியால் துன்புற்ற ஒரு பெண்மணி அறுவைப் பிரிவில் இருந்தார். ஊடுகதிர்ச் சோதனை இரைப்பைப் புற்றுநோயைக் குறித்தது; வயிற்று வீக்கம் அதனால் கோத்த நீர் என்று முடிவுசெய்யப்பட்டிருந்தது. அறுவைக்கு வழியில்லை என்று கைவிடப்பட்ட நிலை. டொனால்ட் தம் கருவியை வைத்துப் பார்த்தபோது, வயிறெங்கும் பரவிய நீருக்குரிய எதிரொலிகள் தோன்றவில்லை. தெளிவான சுவருடன் கூடிய ஒரு பெரும் நீர்க்கட்டியின் அடையாளமே தெரிந்தது. அறுவை செய்யப்பட்டது. சூலகத்திலிருந்து எழுந்த, புற்றுநோய் அல்லாத மாபெரும் நீர்க்கட்டி அகற்றப்பட்டது. அப்பெண்மணி நலமடைந்தார். அதன்பின் பிற துறையினரும் நோயாளிகளை இவரிடம் அனுப்பத் தொடங்கினர்.

1958 ஜூன் 7 அன்று, டொனால்ட், மக்விக்கார், பிரவுன் ஆகிய மூவரும் எழுதிய கட்டுரை த லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. துடிப்பு மீயொலியால் வயிற்றுக் கட்டிகளை ஆராய்வது பற்றிய அக்கட்டுரை 100 நோயாளிகளிடம் பெற்ற அனுபவத்தை விவரித்தது. நீர்க்கட்டி, நார்த்திசுக்கட்டி ஆகியவற்றுடன், கருப்பைக்குள் இருந்த கருவின் படங்களும் அதில் இடம்பெற்றன. தவறிய நோயறிதல்களையும் மறைக்காமல் குறிப்பிட்டது அக்கட்டுரையின் சிறப்பு. தம் முறை இன்னும் முதிரவில்லை என்பதை ஆசிரியர்கள் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டனர்.

நிறைந்த சிறுநீர்ப்பை

வயிற்றில் பெரிதாக எழுந்த கட்டியைக் காண்பது எளிது. இடுப்புக்கூட்டுக்குள் ஆழ்ந்து கிடக்கும் இயல்பான கருப்பையையோ, அதில் சில வாரங்களே ஆன கருவையோ காண்பது கடினம். முன்னால் இருக்கும் குடலில் வளி நிறைந்திருப்பதும், வளி மீயொலியைக் கடத்தாமல் திருப்பி அனுப்பிவிடுவதுமே காரணம்.

1963 இல் இதற்குத் தீர்வு கிடைத்தது. பெண்ணின் சிறுநீர்ப்பை நிறைந்திருக்கும்போது, அது குடலை மேலே தள்ளி, நீர் நிரம்பிய பலகணி போல் செயல்படுகிறது. அதன் வழியே பார்த்தால் கருப்பை தெளிவாகத் தெரிகிறது என்பதை டொனால்டின் குழுவினர் கண்டனர். வெளியே நீர்த்தொட்டி வைத்துத் தவித்தவர்களுக்கு, இயற்கை உள்ளேயே ஒன்றை வைத்திருந்தது. இதன்பின் ஆறு, ஏழு வாரக் கருவின் உறையையும் காண முடிந்தது. வயிற்றின் மேலிருந்து இடுப்புப்பகுதியை ஸ்கேன் செய்யும் முன் நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருக்குமாறு பெண்களுக்குக் கூறப்படுவது இக்கண்டுபிடிப்பின் விளைவே.

இது குழந்தைப்பேறு வேண்டி நிற்கும் பெண்களுக்கு இரு வகையில் பயன்பட்டது. முதலாவது, தொடர்ந்து கருச்சிதைவு ஏற்படும் பெண்களிடம் கரு உயிருடன் வளர்கிறதா, வெறும் உறை மட்டும் உள்ளதா என்பதை அறிய முடிந்தது. இரண்டாவது, கருப்பையின் வடிவக் குறைகளும், சூலகத்தின் அளவும், அருகிலுள்ள கட்டிகளும் ஊடுகதிர் இல்லாமல் தெரிந்தன.

அரசித்தாய் மருத்துவமனை

1964 இல் கிளாஸ்கோவின் யார்க்ஹில் பகுதியில் அரசித்தாய் மகப்பேறு மருத்துவமனை திறக்கப்பட்டது. இதன் திட்டமிடலில் டொனால்ட் பெரும்பங்கு வகித்தார். மீயொலிக்கெனத் தனித்துறையும் அதற்கான பொறியாளர்களும் இங்கு அமைந்தனர். உலகின் பல பகுதிகளிலிருந்தும் மருத்துவர்கள் பயிற்சி பெற வந்தனர். அதற்கு முன்பே கிளாஸ்கோவில் பயின்று சென்ற சுவீடன் மருத்துவர் பெர்ட்டில் சுண்டேன், டையசோனோகிராஃப் என்று பெயரிடப்பட்ட வணிகக் கருவியை லுண்ட் நகருக்கு முதன்முதலில் வாங்கினார்.

வணிகப் பக்கம் அவ்வளவு வெற்றியாக அமையவில்லை. கெல்வின் ஹியூசின் உரிமையாளரான ஸ்மித்ஸ் நிறுவனம் 1960களின் நடுவில் கிளாஸ்கோ தொழிற்சாலையை மூட முடிவுசெய்தது. கருவியின் உற்பத்தி எடின்பரோவைச் சேர்ந்த நியூக்ளியர் என்டர்பிரைசஸ் நிறுவனத்துக்குச் சென்றது. கிளாஸ்கோவில் பிறந்த கருவியின் வணிக ஆதாயம் காலப்போக்கில் பிரித்தானியாவுக்கு வெளியே உள்ள நிறுவனங்களிடமே சேர்ந்தது.

டொனால்டின் மாணவர்களுள் ஜேம்ஸ் வில்லாக்ஸ், ஸ்டுவர்ட் கேம்பல் ஆகியோர் கருவின் தலையின் அகலத்தை அளந்து வளர்ச்சியைக் கணிக்கும் முறையை வளர்த்தனர். ஹ்யூ ராபின்சன் 1970களின் தொடக்கத்தில் கருவின் தலை முதல் பிட்டம் வரையிலான நீளத்தைக் கொண்டு அதன் வயதைச் சில நாட்கள் வேறுபாட்டுக்குள் கணிக்கும் முறையை வெளியிட்டார். இம்முறை இன்றும் பயன்பாட்டில் உள்ளது.

குழந்தைப்பேறின்மைச் சிகிச்சையில் தாக்கம்

சூலகத்தில் முட்டை வளரும் நுண்பையைக் காண்பதற்கு மேலும் நுட்பமான படம் தேவைப்பட்டது. 1972 இல் வியன்னாவின் ஆல்ஃபிரட் கிராடோக்வில் மீயொலியால் சூலகத்தை ஆராய்ந்து காட்டினார். எதிரொலிகளின் வலிமையை வெள்ளை, கருப்பு என்று மட்டும் காட்டாமல் சாம்பல் நிறத்தின் பல படிகளாகக் காட்டும் முறை 1970களில் ஆஸ்திரேலியாவின் ஜார்ஜ் கொசாஃப் குழுவினரால் வளர்ந்தது.

ஜெர்மனியின் மார்பர்க்கைச் சேர்ந்த பெர்ன்ஹார்ட் ஹேக்கலோயர் கிளாஸ்கோவுக்கு வந்து ராபின்சன் முதலியோருடன் இணைந்து, மாதவிடாய்ச் சுழற்சியின்போது நுண்பையை நாள்தோறும் அளந்தார். அதன் வளர்ச்சியும் இரத்தத்தில் ஏறும் ஈத்திரோசன் அளவும் ஒன்றோடொன்று இணைந்து செல்வதை இக்குழு 1979 இல் வெளியிட்டது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் வளர்ந்து, 20 மில்லிமீட்டர் அளவை எட்டும் தறுவாயில் நுண்பை வெடித்து முட்டை வெளியாகிறது. ரூபின் காலத்தில் ஊகமாக மட்டுமே இருந்த ஒன்று கண்ணால் காணக்கூடியதாயிற்று. முட்டை வளர்ச்சிக்கு மருந்து பெறும் பெண்ணிடம் எத்தனை நுண்பைகள் வளர்கின்றன என்று எண்ணிப் பார்த்து, மருந்தின் அளவைக் குறைக்கவோ நிறுத்தவோ முடிந்தது. ஒரே சூலில் நான்கைந்து கருக்கள் உண்டாகும் இடரைக் குறைக்க இதுவே முதன்மையான வழி.

1978 இல் உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தபோது தாயின் முட்டை வயிற்றில் துளையிட்டு நுழைக்கும் அகநோக்கியால் எடுக்கப்பட்டது. அதற்கு முழு மயக்கம் தேவைப்பட்டது. 1980களின் தொடக்கத்தில் கோபன்ஹேகனின் சூசன் லென்சும் பிறரும் மீயொலிப் படத்தைப் பார்த்தவாறே ஊசியால் முட்டையை எடுக்கத் தொடங்கினர். பின்னர் பெண்ணுறுப்பின் வழியே செலுத்தப்படும் மீயொலிக் கோல் வந்தது. சூலகத்திற்கு மிக அருகில் இருந்து பார்ப்பதால் உயர் அதிர்வெண் ஒலியைப் பயன்படுத்த முடிந்தது; படம் துல்லியமாயிற்று. இதற்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டியதில்லை. டொனால்டின் குழு கண்ட வழியை அக்குழுவின் வழித்தோன்றல்களே தேவையற்றதாக்கினர் எனலாம்.

பல நீர்க்கட்டிச் சூலகம் எனப்படும் நிலையை 1935 இல் ஸ்டெயின், லெவந்தால் ஆகிய சிகாகோ மருத்துவர்கள் விவரித்தபோது, உறுதிசெய்ய வயிற்றைத் திறக்க வேண்டியிருந்தது. 2003 இல் ராட்டர்டாமில் வகுக்கப்பட்ட வரையறையில் மீயொலித் தோற்றம் மூன்று அளவுகோல்களுள் ஒன்றாக இடம்பெற்றது. குழாய் அடைப்பை அறிவதில் மட்டும் ரூபினும் கேரியும் தொடங்கிய ஊடுகதிர்ப் படம் இன்றும் நிலைத்திருக்கிறது. மீயொலியில் தெரியும் நுரையை உட்செலுத்திக் குழாயைச் சோதிக்கும் முறை அதனுடன் போட்டியிடுகிறது.

கருத்து மோதல்கள்

டொனால்ட் ஆங்கிலிக்கத் திருச்சபையில் ஆழ்ந்த பற்றுடையவர். 1967 இல் பிரித்தானிய நாடாளுமன்றம் நிறைவேற்றிய கருக்கலைப்புச் சட்டத்தைக் கடுமையாக எதிர்த்தார். அசையும் கருவின் மீயொலிப் படங்களைக் கூட்டங்களில் காட்டி எதிர்ப்புப் பரப்புரை செய்தார். கருக்கலைப்பு கோரி வந்த பெண்களிடமும் அப்படங்களைக் காட்டியது அக்காலத்திலேயே கண்டனத்துக்கு உள்ளாயிற்று. மனம் நொந்த நிலையில் வந்த பெண்ணின்மீது படத்தைக் கொண்டு அழுத்தம் கொடுப்பது மருத்துவரின் பணியன்று என்பது எதிர்த்தரப்பின் வாதம். அபர்தீனில் இதே துறைப் பேராசிரியராக இருந்த டுகால்ட் பேர்ட், அளவுக்கு மீறிய பிள்ளைப்பேற்றால் நலிந்த ஏழைப் பெண்களைக் கருத்தில் கொண்டு, கருக்கலைப்பை எளிதாக்க வேண்டும் என்றார். ஒரே நாட்டில், ஒரே துறையில், ஒரே காலத்தில் இயங்கிய இரு பேராசிரியர்களின் நிலைப்பாடுகள் இவ்வாறு எதிரெதிராக இருந்தன.

ஆனால் அவரது கருவியே கருவின் குறைபாடுகளை முன்கூட்டி அறிய உதவி, அவர் எதிர்த்த முடிவுகளுக்கும் வழிவகுத்தது. இந்தியாவில் அது வேறொரு வகையிலும் தவறாகப் பயன்பட்டது. கருவின் பாலினத்தை அறிந்து பெண்கருவை அழிக்கும் வழக்கம் பரவியதால் 1994 இல் அதனைத் தடைசெய்யும் சட்டம் இயற்றப்பட்டு 1996 இல் நடைமுறைக்கு வந்தது. 2003 இல் அது திருத்தப்பட்டு மேலும் கடுமையாக்கப்பட்டது. இந்தியாவில் மீயொலிக் கருவி வைத்துள்ள ஒவ்வொரு மையமும் அரசிடம் பதிவுசெய்யப்பட வேண்டும் என்பதும், பாலினம் தெரிவிக்கப்படாது என்ற அறிவிப்புப் பலகை வைக்கப்பட வேண்டும் என்பதும் இச்சட்டத்தின் விதிகளாகும்.

நூலும் விருதுகளும்

1955 இல் இவர் எழுதிய மகப்பேறியல் நடைமுறைச் சிக்கல்கள் பற்றிய பாடநூல் பல பதிப்புகள் கண்டது. கூர்மையும் நகைச்சுவையும் கலந்த நடைக்காக மாணவர்களால் விரும்பிப் படிக்கப்பட்டது. 1973 இல் சி.பி.இ. விருது வழங்கப்பட்டது. இவரது பெயரால் மருத்துவ மீயொலிப் பன்னாட்டுப் பள்ளி ஒன்றை அசீம் குர்யாக் 1981 இல் துப்ரோவ்னிக் நகரில் நிறுவினார். இப்பள்ளி பின்னர் இந்தியா உட்படப் பல நாடுகளில் கிளைகளை அமைத்தது.

இறுதிக் காலம்

டொனால்ட் நீண்ட காலம் இதய அடைப்பிதழ் நோயால் துன்புற்றார். மூன்று முறை பெரிய இதய அறுவைக்கு உட்பட்டார். இரண்டாம் முறை அடைப்பிதழ் மாற்றப்பட்ட அனுபவத்தை, மருத்துவரே நோயாளியாகும் நிலையிலிருந்து ஒரு மருத்துவ இதழில் எழுதினார். அறுவைகளுக்கு இடையிலும் கற்பித்தலை அவர் கைவிடவில்லை. 1976 இல் ஓய்வு பெற்றார். பின்னர் இங்கிலாந்தின் எசெக்ஸ் மாவட்டத்தில் கடலோரச் சிற்றூரான பாகில்ஷாமில் குடியேறினார். ஓவியமும் இசையும் படகோட்டுதலும் அவருக்கு விருப்பமானவை. 1987 ஜூன் 19 அன்று அங்கேயே காலமானார். உடல் அவ்வூரின் புனித பேதுரு ஆலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

டாம் பிரவுன் பின்னாளில் முப்பரிமாண மீயொலிக் கருவி ஒன்றை உருவாக்கினார். அது வணிகத்தில் வெற்றி பெறவில்லை. அவர் 2019 இல் காலமானார். டொனால்ட் திட்டமிட்ட அரசித்தாய் மருத்துவமனை 2010 ஜனவரியில் மூடப்பட்டு, அதன் மகப்பேற்றுப் பிரிவு நகரின் தெற்குப் பகுதியிலுள்ள மருத்துவமனைக்கு மாற்றப்பட்டது.